பிரஷ் முனையில் பச்சை

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பாதி ஆயுளுக்கு மேல் தரம் பார்க்கிற செக்கர் வேலை செய்தவன் வேறு எப்படி இருப்பான்? சூளையிலிருந்து வந்த கப்பை விரல் முட்டியால் தட்ட வேண்டும். சத்தம் சரியில்லை என்றால் ஒதுக்கிவிட வேண்டும். பார்க்க முழுசாக இருக்கிற சாமான் உள்ளே விரிசல் விட்டிருக்குமோ என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கடையில் தோசைக்கல்லைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் எங்கள் முதலாளி சலீம் பாயின் மருமகன் போன் செய்தார். பாய் காலமான பிறகு அவர் பழைய செய்தித்தாள்கள் சேர்த்து வைத்த காகித அறையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டில் பெரிய நூலகங்களில் பழைய பச்சைத் துணி அட்டை போட்ட புத்தகங்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கித் தனியாகப் பூட்டி வைக்கிறார்களாம். கையுறை போடாமல் யாரும் தொடக்கூடாதாம். நம் அறையில் இது எப்போதோ நடந்து முடிந்த கதை என்று மாமா சொல்லியிருக்கிறார், கூட இருந்தவர் நீங்கள்தான், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரிய வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அந்த நாட்களை நினைக்கவே எனக்கு இன்னமும் பயம். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் தொழில் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. களிமண்ணைப் பல்லில் வைத்துக் கடித்து மணல் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றேன். ஒரு தடவை சுட்ட சாமானை நாங்கள் பிஸ்கட் என்போம். அது நன்றாக வெந்திருக்கிறதா என்று நாக்கு நுனியில் ஒட்டிப் பார்ப்போம். ஒட்டி இழுத்தால் ஈரம் குடிக்கிறது, இன்னும் வேக வேண்டும். பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பெண்கள் பிரஷை உதட்டில் வைத்து இழுத்து முனையைக் கூராக்குவார்கள். அப்படிச் செய்தால்தான் பொம்மையின் கண்ணிமை மெல்லிசாக விழும். செராமிக்காரன் எதையும் வாயில் வைத்துத்தான் நம்புவான். எங்கள் ஊரில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் கம்பெனி நொடித்துப்போனது. மங்கலம்பேட்டை சலீம் பாய் அதை வாங்கினார். பொம்மை, அகல்விளக்கு, ஊறுகாய் ஜாடி எல்லாம் வழக்கம்போல ஓடியது. ஆனால் ஆபீசுக்கு மேல்மாடியில் ஓர் அறையை அவர் காலி பண்ணி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, மங்கலம்பேட்டை வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே பழைய இங்கிலீஷ் செய்தித்தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நூற்றைம்பது வருஷத்துக் காகிதம். மனிதர்கள் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறிய காலத்தில் அச்சான படப் பத்திரிகைகள். போட்டோவைப் பத்திரிகையில் அச்சடிக்கத் தெரியாத காலம் அது. எல்லாப் படமும் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது.

பாய் வளைகுடாவில் நெடுநாள் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நாள் பழைய சாமான்களுக்கு நடுவே ஒற்றைத் தாள் ஒன்றைப் பார்த்திருக்கிறார். சேற்றில் ஆண்கள் நீளமாக வரிசையில் நிற்கிறார்கள். தபால் ஆபீஸ் வாசல். தங்கம் தோண்டப் போனவர்கள் வீட்டுக் கடிதத்துக்காக நிற்கிற படம். "இந்த வரிசையில நான் நின்னுருக்கேன் செக்கரே. எங்க கேம்ப்ல போன் பூத் வாசல்ல நின்னது இதே மாதிரிதான். வெள்ளக்காரன் போட்ட தொப்பி மட்டும்தான் வேற" என்பார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. நாடு திரும்பிய பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டு ஏலங்களைப் பார்த்து ஒவ்வொரு தாளாக வரவழைத்தார்.

என்னை மேல்மாடிக்கு அழைத்ததற்குக் காரணம் என் கண். முதல் நாள் ஒரு பெரிய படத்தை மேசையில் விரித்துக் காட்டினார். துறைமுகத்தில் ஆளில்லாமல் விட்டுப்போன கப்பல்கள். மாலுமிகள்கூடத் தங்கம் தோண்ட ஓடிவிட்டார்களாம். நான் கப்பலைப் பார்க்கவில்லை. படத்தின் குறுக்கே முடி மாதிரி ஒரு வெள்ளைக்கோடு ஓடியதைப் பார்த்து, விரிசல் இருக்கிறது பாய், இது ஆகாது என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பெரிய படத்துக்கு ஒரே மரக்கட்டை கிடைக்காது, சின்னக் கட்டைகளைத் திருகாணி போட்டு இணைத்துச் செதுக்குவார்கள், அந்த இணைப்புதான் கோடாகத் தெரிகிறது, அது இருந்தால்தான் சரக்கு அசல் என்று விளக்கினார். மறுநாளே கப் தட்டுகிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மாடிக்கு வரச் சொன்னார்.

பாயின் நடத்தையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறைக்குள் நுழையும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயும்வரை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். நாங்களும் அப்படியே நிற்க வேண்டும். தலையில் பூ கூடாது, பவுடர் கூடாது, எண்ணெய் வழியக் கூடாது. மின்விசிறி அறவே கூடாது. தூசிக்கு மூக்கும் வாயும் மறைய முகத்துணி கட்ட வேண்டும். தாளைக் கையால் தூக்கக் கூடாது. அடியில் அட்டை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தை மூங்கில் தகட்டால் புரட்ட வேண்டும். தூசியை நடுவிலிருந்து வெளியே பார்த்துத்தான் துலக்க வேண்டும், ஒருபோதும் உள்ளே தள்ளக் கூடாது. பிறகு மூலையில் சிவப்பு வரி முத்திரை இருக்கிறதா என்று நான் லென்ஸில் பார்ப்பேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செய்தித்தாளுக்கு வரி உண்டு. முத்திரை இல்லாவிட்டால் பிற்பாடு அடித்த நகலாக இருக்குமோ என்று மேலும் தோண்டுவேன்.

கோபம் வந்தால் பாய் செய்கிற ஒரே காரியம் டீ வரவழைப்பது. கண்ணாடி டம்ளரில் சுடச்சுட வரும். யாருக்கு எதிரே அந்த டம்ளர் வைக்கப்படுகிறதோ அவருக்கு அன்றோடு மாடியில் வேலை இல்லை. ஒரு சித்திரை வெயிலில் வேப்பூர்க்காரர் ஒருவர் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டுவிட்டார். ஆஸ்திரேலியக் கூடாரப் படம் ஒன்று அப்பளம் மாதிரி நொறுங்கிப் பறந்தது. பாய் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "டீ குடிங்க தம்பி" என்றார். பாவம், அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் வியர்த்து நனைந்துவிட்டார். மறுநாள் அவர் கீழே வைக்கோல் சுற்றிப் பொம்மை கட்டுகிற இடத்தில் இருந்தார். அதிலிருந்து டீக்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே நான் மின்விசிறி சுவிட்சைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

இனி வளர்மதி. வண்ணம் தீட்டும் பிரிவில் அவளைப் போல் பொம்மைக்குக் கண் வைக்க ஆள் கிடையாது. கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் முருகன் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை. நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது, வீடு எந்த வருஷம் போகுமோ என்று அந்தத் தெருவே பயந்து கிடந்த காலம். பெற்றவர்கள் இல்லை. மாமியார் அஞ்சலைதான் தாய்க்குத் தாய். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தையில்லை. அதற்காக அஞ்சலை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை என்று வளர்மதியே பலமுறை சொல்லியிருக்கிறாள். தூசி துலக்க மெத்தென்ற கை வேண்டும் என்று பாய் அவளை மாடிக்கு மாற்றினார். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். என் பயத்தைக் கிண்டல் பண்ணுவதில் என் மனைவிக்கு அவள் தங்கை.

அவள் மாடிக்கு வந்த வருஷம் ஐப்பசியில் மலைப்பக்கத்துப் பழைய வெள்ளைக்காரக் கிளப் ஒன்றை இடித்தபோது அதன் புத்தகங்கள் ஏலத்துக்கு வந்தன. பாய் போய் எடுத்துவந்தார். டீத்தூள் பெட்டிகளில் வந்து இறங்கின. தங்கவேட்டைக் காலத்து லண்டன் வாரப் பத்திரிகை, ஆறாறு மாதமாகச் சேர்த்துக் கட்டிய தடித்த தொகுதிகள். பாய்க்கு அன்று பெருநாள்தான். எல்லாத் தொகுதிக்கும் ஒரே பச்சைத் துணி அட்டை. நல்ல கிளிப்பச்சை. அவ்வளவு வருஷம் இருட்டில் கிடந்தும் நேற்றுச் சாயம் போட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் கரையான் அரிக்காத காகிதம் ஏது? இதில் ஒரு பூச்சி ஓட்டை இல்லை. நல்ல முறையில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாய் சந்தோஷப்பட்டார். எனக்கு என்னமோ அது பிடிக்கவில்லை. எந்தச் சாமானும் அவ்வளவு குறையில்லாமல் இருந்தால் நான் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிற ஆள்.

அட்டை முழுவதும் கொடியும் இலையுமாக அழுத்திய வேலைப்பாடு. பள்ளங்களில் தூசி இறுகியிருந்தது. பெரிய பிரஷ் அதில் நுழையாது. வளர்மதி பொம்மைக்குக் கண் வைக்கிற சின்னப் பிரஷைக் கொண்டுவந்து ஒவ்வொரு இலையாகச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோர மேசையில் முத்திரை பார்ப்பேன். நாள் முழுக்க அவள் அந்தப் பச்சையோடுதான் இருந்தாள்.

கார்த்திகை பாதியில் அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. சோற்றைக் கண்டால் குமட்டல். தலை சுற்றல். மாதவிலக்கும் தள்ளிப்போயிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? கம்மாபுரத்து வீடு திருவிழாக் கோலம் ஆகிவிட்டது. அஞ்சலை மருமகளைக் குடம் தூக்க விடவில்லை. புளிக்குழம்பும் நார்த்தங்காயும் தூக்குவாளியில் தினம் வந்தது. எங்களுக்கும் பங்கு உண்டு. கீழே பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டாயா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அந்த டெஸ்ட் அட்டையை வாங்கி வாங்கிப் பார்த்து இல்லை என்று அழுதது போதும் அக்கா, இந்தத் தடவை அது தானாக வயிற்றில் தெரியட்டும் என்றாளாம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று ஒன்று உறுத்தியது. லீவில் வாந்தியே இல்லை அண்ணா, அத்தை செய்த பொங்கலை ஒரு கட்டு கட்டினேன் என்று தெம்பாகச் சொன்னாள். வேலைக்கு வந்த இரண்டாம் நாள் மறுபடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கையை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் சின்னச் சின்னக் காய்ப்புகள். நகங்களில் குறுக்காக வெள்ளைக்கோடு, எல்லா நகத்திலும் ஒரே இடத்தில். மரக்கட்டைக் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு இது தப்புமா? பிள்ளைத்தாய்ச்சிக்கு நகத்தில் கோடு விழும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. யாரிடமும் சொல்லவும் பயம். நல்ல சேதி நடக்கிற வீட்டில் எந்த வாயால் சொல்வது? பாயிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் அவளுடைய நகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேனை எடுக்கச் சொன்னார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. முருகனும் அஞ்சலையும் நானும் கூடப் போனோம். லேடி டாக்டர் முதலில் கர்ப்ப டெஸ்ட்தான் எடுத்தார். இல்லை. வளர்மதி அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்தாள், அவ்வளவுதான். பிறகு டாக்டர் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அஞ்சலையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது சாதாரண வயித்துக் கோளாறு இல்ல. உடம்புல கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏறிட்டு இருக்கு" என்றார்.

நான் செராமிக்காரன் அல்லவா, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸில் சேர்க்கிற ஈயமா டாக்டர் என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். ஈயம் இப்படிக் கோடு போடாது, இது ஆர்செனிக் என்கிற பாஷாணம் போலிருக்கிறது, சில எலி மருந்துகளில் அது உண்டு என்றார். ரத்தம், சிறுநீர், நகத் துண்டு எல்லாம் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு வளர்மதியைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"வீட்ல யாரும்மா சமைக்கிறது?"

வளர்மதி முருகனைப் பார்த்தாள். முருகன்தான் எங்கம்மா என்றான். சொல்லிவிட்டு மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தான். எட்டு வருஷம் பிள்ளையில்லாத மருமகள், தினம் தூக்குவாளியில் வரும் குழம்பு. யாரும் எதையும் சொல்லாமலே அந்த அறையில் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

விஷம் என்றால் ஆஸ்பத்திரி போலீசுக்கு எழுதியாக வேண்டுமாம். எழுதினார்கள். கம்மாபுரத்து வீட்டுக்கு ஜீப் வந்தது. மிளகாய்த்தூள், உப்பு ஜாடி, எண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். பரணில் ஒரு எலி மருந்துப் பொட்டலம் கிடைத்தது. நெல் வைக்கிற எந்த வீட்டில்தான் அது இல்லை? ஆனாலும் தெரு முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. கிளி மாதிரி இருந்த பெண்ணைக் கிழவி தீர்க்கப் பார்த்தாள், மகனுக்கு இன்னொன்று கட்டிவைக்கத் திட்டம் என்றார்கள். சோதனை முடிவு வந்ததும் அஞ்சலையைக் கூட்டிப்போவார்கள் என்று ஸ்டேஷனிலிருந்தே சேதி வந்தது. முருகன் தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வளர்மதியைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போக அவளுக்கு வேறு இடம் இல்லை. நானும் என் மனைவியும் பார்க்கப் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அஞ்சலை தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். வளர்மதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போகவில்லை. அஞ்சலை குனிந்து, அதே தட்டிலிருந்து ஒரு கவளம் பிசைந்து தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். விழுங்கிவிட்டு மருமகள் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வளர்மதி சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மூன்று வேளையும் இப்படித்தான் நடக்கிறதாம்.

இதில் கொடுமை என்னவென்றால் வளர்மதி உடம்பு தேறிக்கொண்டு வந்தது. வாந்தி நின்றது. போலீஸ் வந்து மிரட்டியதால் கிழவி நிறுத்திவிட்டாள் என்று தெரு தீர்ப்பு எழுதியது. திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று வளர்மதி சொன்னாள்.

"அங்க வந்தாதான் எனக்கு பயமில்லாம இருக்குது அண்ணா. வூட்ல தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்குது" என்றாள்.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு அத்தை கைச் சோற்றை ஒரு கட்டு கட்டி நன்றாக இருந்தவள் இவள். வேலைக்கு வந்ததும் படுத்தவள். அப்படியென்றால் எங்கள் அறையில் என்ன இருக்கிறது? திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் மாடியைத் திறந்தேன். பாச்சா உருண்டையைப் பார்த்தேன். பசை டப்பாவைப் பார்த்தேன். சூளைப் புகை வருகிறதா என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். பச்சைத் தொகுதிகள் வைத்த தட்டுக்கு அடியில் குனிந்தபோது காகிதப் பூச்சிகள் செத்துக் காய்ந்து கிடந்தன. மற்ற தட்டுகளில் அவை உயிரோடு ஓடின.

நிமிர்ந்தபோது அவளுடைய மேசை. டம்ளரில் அந்தச் சின்னப் பிரஷ் நின்றது. வண்ணக்காரப் பெண்கள் சாயங்காலம் வேலை முடித்ததும் கடைசியாக ஒருமுறை உதட்டில் வைத்து இழுத்து, முனையைக் கூராக்கித்தான் பிரஷை நிறுத்துவார்கள். எச்சில் காய்ந்தால் முனை ஊசியாக நிற்கும். இதுவும் அப்படியே நின்றது. அந்த முனை முழுக்கக் கிளிப்பச்சை. என் முதுகுக்குப் பின்னால் அவள் ஒவ்வொரு இலைக்கும் முகத்துணியை இறக்கி, பிரஷை வாயில் வைத்து, மறுபடி அந்த அட்டையைத் துலக்கியிருக்கிறாள். ஆயிரம் பெண்கள் செய்து நான் பார்த்த காரியம். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வளர்மதி வந்துவிட்டாள். கையைக் கழுவிவிட்டு, ஈரம் காய இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் பல நாளைக்கப்புறம் ஒரு நிம்மதி. உள்ளே வராதே என்று நான் கத்தியது கீழே சூளைக்காரர்களுக்குக் கேட்டதாம். அவள் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். உள்ளே வரும் ஆசையில் வந்தவளை நான் கதவை அடைத்துக்கொண்டு மறித்தேன். பிரஷை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். தன் உதட்டைத் தொட்டாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் உயிரையே வைத்திருந்த சரக்கு. கம்பெனி ஆளுக்கு விஷம் ஏறியது என்று வெளியே தெரிந்தால் கேஸ் வரும், அதிகாரிகள் வருவார்கள், கம்பெனியை மூடினாலும் மூடுவார்கள். கீழே வேலை செய்கிற அத்தனை பேர் பிழைப்பும் அதில் இருக்கிறது. நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பாய் பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் டீக்காரருக்கு ஆள் அனுப்பினார். சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

டம்ளர் வந்தது. பாய் அதைத் தன் எதிரிலேயே வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"விஷம் என் அறையில இருந்து போயிருக்குது. பழியை அந்தம்மா சுமக்குறாங்க. இத வெச்சிகிட்டு நான் எப்படி தொழுவேன்?" என்றார்.

பிறகு தானே எழுந்து, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, ஒரு பச்சைத் தொகுதியை எடுத்துப் பையில் சுற்றிக் கட்டினார். பிரஷை இன்னொரு பையில் போட்டார். அன்றே புதுச்சேரி போனோம். டாக்டர் மேசையில் இரண்டையும் வைத்து, இதையும் சோதனை பண்ணுங்க, பொறுப்பு என்னுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முதலாளி தானாக வந்து இப்படிச் சொல்லி அவர் பார்த்திருக்க மாட்டார்.

முடிவு வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நானும் அந்த அட்டைகளைத் தொட்டவன்தானே. கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன். அஞ்சலையை எப்போது ஜீப்பில் ஏற்றுவார்களோ என்று கம்மாபுரம் பக்கமிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரிப்பேன். பிரஷ் பற்றி நாங்கள் ஸ்டேஷனில் சொன்னதற்கு, ரிப்போர்ட் வரட்டும் பார்க்கலாம் என்றுதான் பதில். கடைசியில் டாக்டரே போன் செய்தார். அட்டையின் பச்சையும் பிரஷ் முனையும் வளர்மதியின் நகத்தில் இருந்ததும் ஒன்றுதான். பாஷாணத்தோடு தாமிரம் சேர்த்துச் செய்த சாயம். அந்தக் காலத்தில் துணிக்கும் சுவருக்கும் அதைத்தான் பூசினார்களாம். வீட்டு உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஒன்றுமில்லை.

பச்சைத் தொகுதிகளைப் பாய் விற்கவுமில்லை, எரிக்கவுமில்லை. எரித்தால் புகையிலும் விஷம் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, தகரப் பெட்டியில் வைத்து, மூடியை ஈயம் உருக்கி ஒட்டி அடைத்து மேல் தட்டில் ஏற்றினோம். பிரஷை வாயில் வைக்கக் கூடாது என்று கீழே வண்ணப் பிரிவிலும் சொன்னோம். அதை வழக்கத்திலிருந்து எடுக்க எங்களுக்கு வருஷங்கள் ஆயின. அதிகாரிகள் வந்து கம்பெனியைச் சில வாரம் மூடினார்கள், பிறகு திறந்தார்கள். வளர்மதியின் வைத்தியச் செலவைப் பாய் பார்த்துக்கொண்டார். அவள் உயிருக்கு ஆபத்தில்லை. விரல் மரமரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. பிற்பாடு பொம்மைக்குக் கண் வைக்க அவளால் முடியவில்லை.

டாக்டரின் போன் வந்த அன்றைக்கே நானும் பாயும் கம்மாபுரம் போனோம். முருகன் வீட்டில் இருந்தான். பாய் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, அக்கம்பக்கம் காதில் விழும்படி, தன் கம்பெனிச் சரக்கில் இருந்த விஷம்தான் இந்தப் பெண்ணுக்குப் போனது, இந்த வீட்டுச் சோற்றில் ஒன்றுமில்லை, டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னார். சத்தம் போட்டு நான் கேட்டிராத மனிதர் அன்று சத்தமாகத்தான் பேசினார். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முருகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அஞ்சலை கேட்டுவிட்டு, "சரிங்க, உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மருமகள் சாப்பிடும் நேரம் என்று உள்ளே போனார்.

தட்டில் சோறும் கீரையும் வந்தது. நாங்கள் உட்கார்ந்த கூடத்திலேயே வளர்மதி முன் வைத்தார். பழகிய கையாக ஒரு கவளம் பிசைந்து தன் வாய்க்குக் கொண்டுபோனார். வளர்மதி சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அஞ்சலையின் கை அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணில் நான் பார்த்த பயத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை. இனி நான் சாப்பிட்டுக் காட்டினாலும் இவள் நம்பமாட்டாளோ என்று நினைத்திருப்பார். வளர்மதி அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்து, கவளத்தை அவர் விரலிலிருந்தே வாயில் வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு வாய் குடு அத்தே" என்றாள்.

போலீஸ் வந்தபோதும் தெரு பேசியபோதும் பெற்ற மகன் முகம் திருப்பியபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அஞ்சலை, சோற்றுக் கையோடு அப்போதுதான் அழுதார்.